அம்மா வேண்டாம் என்ற படகு

அம்மா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும், அம்மாவோடு ஒரே தண்ணீரில் வலை போட்டவர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். முன்னட்டையில் அம்மாவின் படத்துக்குக் கீழே "பொறுமையின் சிகரம்" என்று அச்சாகியிருக்கும். அது நான் எழுதியதல்ல. அம்மா பொறுமைசாலி அல்லர். நன்றாகக் கோபப்படத் தெரிந்தவர். அந்தக் கோபத்தை எங்கே, யாருக்காக விழுங்கினார் என்பதைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

அம்மாவின் மூத்த அண்ணன், என் பெரிய மாமா, இந்தக் கட்டுரையை அச்சுக்குப் போகும் முன்பே பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று முறை ஆள் விட்டுக் கேட்டார். கடைசியில் போனிலேயே பேசினார்.

"நாலு வரி நல்லதா எழுது புள்ள. உங்கம்மா எப்பிடி கஷ்டப்பட்டா, எப்பிடி உன்ன வளத்தா, அதெல்லாம் எழுது. அந்தப் படகு கதையெல்லாம் வேணாம்."

நல்ல வேடிக்கைதான். இத்தனை வருடமாக ஏரியூர் டீக்கடையிலும், பாலக்கோட்டுக் கல்யாணப் பந்தியிலும், எழவு வீட்டு வாசலிலும் அந்தப் படகு கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தவர் அவர். இப்போது எழுத்தில் மட்டும் வேண்டாமாம். மாமா, நீங்களும் எல்லோரோடும் சேர்ந்தே படியுங்கள். உங்களுக்கென்று தனியாக முதலில் காட்ட இதில் ஒன்றும் இல்லை.

அம்மா பிறந்தது பென்னாகரம் வட்டத்தில், காவிரியை ஒட்டிய ஒரு சிற்றூரில். பிறந்த வீடு பரிசல்கார வீடு. மூத்த அண்ணன் ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டினார். அவர் ஓட்டின அழகை நானும் பார்த்திருக்கிறேன். இல்லையென்று சொன்னால் என் வாய் வெந்துபோகும். சுழல் எங்கே இருக்கிறது, பாறை எங்கே முதுகைக் காட்டும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மூங்கிலைத் தொட்டே பச்சையா முற்றலா என்று சொல்வார். பரிசல் விஷயத்தில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. கேடு வந்ததே அதனால்தான். பரிசல் தெரிந்தவருக்குப் படகும் தெரியும் என்று அவரும் நம்பினார், மற்றவர்களும் நம்பினார்கள்.

அம்மா எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார். தருமபுரிக்குப் பக்கத்தில் ஃபைபர் கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற ஒரு பட்டறையில் கல்யாணம் ஆகும்வரை வேலை செய்தார். கண்ணாடி நாரில் நெய்த துணியை அச்சின் மேல் விரித்து, ரெசின் பசையை ஊற்றி, உருளையால் காற்றுக் குமிழியை எல்லாம் ஓட்டித் தள்ள வேண்டும். காற்று நின்ற இடத்தில் பின்னால் தண்ணீர் நிற்கும் என்பார் அம்மா. அந்த நார் தோலில் ஏறி அரிப்பெடுக்கும். அந்தக் காலத்துப் படம் ஒன்றில் அம்மா முழங்கைவரை துணி சுற்றிக்கொண்டு முறைத்தபடி நிற்பார். முன்னட்டைக்கு அந்தப் படத்தைத்தான் கேட்டேன். "மொறச்சிக்கிட்டு நிக்கிறா, நல்லா இல்ல" என்று மாமா தள்ளிவிட்டார்.

அப்பாவைக் கட்டிக்கொண்டு அம்மா ஏரியூர்ப் பக்கம் வந்தார். மேட்டூர் அணையின் தண்ணீர் எங்கள் ஊர்க் கரைவரை வந்து நிற்கும். அப்பா பரிசலில் போய் வலை போடுவார். அம்மா மீனைப் பிரித்து வியாபாரிக்குப் போடுவார். நான் பள்ளிக்கூடம் முடிக்கும் முன்பே அப்பா மஞ்சள் காமாலையில் போய்விட்டார். காரியம் முடிந்த கையோடு அம்மாவே பரிசலில் ஏறினார். "பொம்பள தண்ணியில எறங்கலாமா?" என்று கேட்டவர்கள் இந்த மலரை வாங்கிய வரிசையிலும் இருக்கிறீர்கள். உங்களில் ஒருவர்கூட எங்கள் வீட்டுக்கு ஒரு படி அரிசி கொண்டுவந்ததாக எனக்கு நினைவில்லை.

நாளடைவில் எங்கள் பக்கத்தில் ஃபைபர் பரிசலும் ஃபைபர் படகும் வரத் தொடங்கின. யாராவது பழையது வாங்கப் போனால் அம்மாவைக் கூட்டிப் போவார்கள். "அக்கா, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்று வாசலில் வண்டியோடு வந்து நிற்பார்கள். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பழைய அஞ்சு ரூபாய் நாணயத்தைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்புவார். அந்த நாணயத்தின் விளிம்பால் படகின் உடம்பெல்லாம் தட்டிப் பார்ப்பார். அதற்காக யாரிடமும் ஒரு டீக்கு மேல் வாங்கியதில்லை. அந்தக் கரையில் அம்மாவுக்கு இருந்த ஒரே மரியாதை அதுதான். சொத்து, நகை எதுவும் கிடையாது. "அந்தம்மா பாத்துச் சொன்னா சரியா இருக்கும்" என்ற அந்த ஒரு பேச்சுதான் அவருடைய சம்பாத்தியம்.

எனக்குக் கல்யாணம் நிச்சயமான வருடம் அம்மா தனக்கென்று ஒரு படகு வாங்கலாம் என்று முடிவெடுத்தார். இன்ஜின் மாட்டிய படகாக இருந்தால் மீனும் பிடிக்கலாம், அக்கரைக் காட்டிலிருந்து ஆடும் தீவனமும் ஏற்றி வரலாம். வீட்டில் ஆண்பிள்ளை இல்லை என்பதால் பெரிய மாமா கூட வந்தார். நானும் போனேன்.

முதலில் ஓர் இரும்புப் படகு. மாமாவுக்குப் பார்த்ததுமே பிடித்துவிட்டது. "கெட்டியா இருக்குது பாப்பா" என்றார். அம்மா அவருக்கு எப்போதும் பாப்பாதான். அம்மா உள்ளே ஏறி, காலடிப் பலகையைத் தூக்கச் சொன்னார். அடியில் தேங்கியிருந்த தண்ணீரை வழித்துவிட்டு நாணயத்தால் சுரண்டினார். துரு ஏடு ஏடாகப் பெயர்ந்து வந்தது. இரும்பு வெளியிலிருந்து சாகாது, உள்ளே தண்ணீர் தேங்குகிற மூலையிலிருந்துதான் சாகும் என்றார். இன்னோர் ஊரில் ஒரு மரப்படகு. அடிக்கட்டையில் அம்மா கோணி ஊசியை வைத்து அழுத்தினார். வாழைத்தண்டில் இறங்குவது மாதிரி இறங்கியது. விற்பவரே வெட்கப்பட்டு, "சரி, வேணாங்க்கா" என்று விட்டுவிட்டார். அதுவரை மாமாவும் மறுத்துப் பேசவில்லை. இரும்பும் மரமும் அவருடைய சாதி அல்ல.

அப்புறம்தான் அணைக்கரையில் ஓர் ஆளிடம் இரண்டு ஃபைபர் படகு இருப்பதாகத் தகவல் வந்தது. அந்த ஆளுடைய ஊரும் பேரும் எழுதவில்லை. அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. விற்கிறவன் விற்கத்தான் பார்ப்பான்.

ஒன்று உள்ளும் புறமும் கன்னங்கரேலென்று புதுப் பெயின்ட் அடித்து, ஓரத்தில் சிவப்புக் கோடு போட்டு, மாலை போடாத குறையாக நின்றது. இன்னொன்று பெயின்டே காணாதது. தேன் நிறத்தில், அங்கங்கே சிராய்ப்போடு, மழையிலும் வெயிலிலும் கிடந்து, ஒரு பக்கம் கோழி எச்சத்தோடு கிடந்தது. விலையும் அதற்குத்தான் குறைவு.

பரிசல்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பழைய பரிசல் வாங்கும்போது அதைக் கவிழ்த்துத் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, வாங்குகிறவர் அதற்குள் புகுந்து உட்கார்ந்துகொள்வார். வெளியே நல்ல வெயில் அடிக்க வேண்டும். உள்ளே ஓர் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அந்த இடத்தில் ஓட்டை, அங்கே தார் பூச வேண்டும். கும்மிருட்டாக இருந்தால் நல்ல பரிசல். இதற்கு 'வெளிச்சம் பார்ப்பது' என்று பெயர். மூங்கிலுக்கும் தாருக்கும் இதைவிட நல்ல சோதனை கிடையாது. மாமா காலமெல்லாம் அப்படித்தான் பரிசல் வாங்கியிருக்கிறார், ஒருமுறைகூட ஏமாந்ததில்லை.

"நாலு பேரு வந்து தூக்குங்கடா. வெளிச்சம் பாக்கணும்" என்றார்.

நான்கைந்து பேர் சேர்ந்து அந்தப் பெயின்ட் அடிக்காத படகைக் கவிழ்த்து, கல்லை அண்டை கொடுத்து நிறுத்தினார்கள். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தார். புகுந்த வேகத்தில் வெளியே வந்தார்.

"அட கண்றாவியே! உள்ள பட்டப்பகலாட்டம் இருக்குது பாப்பா. படகா இது, சல்லட!"

விற்பவர் சிரித்தார், தூக்கியவர்களும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. குனிந்து உள்ளே போனார். "நீயும் வா" என்று என்னையும் கூப்பிட்டார். உள்ளே இளமஞ்சள் வெளிச்சம் எங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தது. வெளியே ஒருவர் கையை வைத்தால் ஐந்து விரலும் நிழலாகத் தெரிந்தன. அம்மா வெளியே வந்து மாமாவிடம் தணிந்த குரலில்தான் சொன்னார்.

"அண்ணா, நாருல செஞ்சது வெளிச்சம் வுடத்தாங்க செய்யும். அது ஓட்ட இல்லீங்க. வெளிச்சம் ஒரே சீரா இருக்குதான்னுதான் பாக்கணும். எங்கியாச்சும் திட்டுத்திட்டா வெள்ளையா, கறுப்பா தெரிஞ்சா அங்க ஏடு வுட்டுப்போச்சி, தண்ணி பூந்துடுச்சின்னு அர்த்தம். இதுல அப்பிடி ஒண்ணுமே இல்லீங்க."

"வெளிச்சம் பூர்ற எடத்துல தண்ணி பூராதா?"

"கண்ணாடிக் கிளாஸுல வெளிச்சம் பூருது, தண்ணி பூருதாங்கண்ணா?"

இந்தப் பதிலுக்கும் எல்லோரும் சிரித்தார்கள். இந்த முறை மாமாவைப் பார்த்து. அங்கேதான் காரியம் கெட்டது. தங்கை பேசியது சரியா தப்பா என்பது மாமாவுக்கு அப்புறம் ஒரு பொருட்டாகவே இல்லை. நாலு பேர் முன்னால் சிரிக்க வைத்துவிட்டாள் என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

அந்தக் கறுப்புப் படகைத் தூக்கச் சொன்னார். அதற்குள் புகுந்து உட்கார்ந்து, "இதப் பாரு! கை வச்சா கை தெரியல. இதான் படகு!" என்று உள்ளிருந்தே கத்தினார். பெயின்ட் அடித்த எதற்குள் போனாலும் இருட்டாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் இறங்கினாலும் இருட்டுத்தான்.

அம்மா நாணயத்தை எடுத்து அந்தப் படகைத் தட்டிக்கொண்டே நடந்தார். முன்பக்கம் 'டங் டங்' என்று கணீரென்று கேட்டது. பின்னால் போகப் போகச் சத்தம் மாறியது. இன்ஜின் மாட்டும் பின்பலகைக்கு வந்தபோது ஈரச் சுவரைத் தட்டுவது போல 'பொத் பொத்' என்றது. அம்மா உட்கார்ந்துவிட்டார். பெயின்டுக்குள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். சேலையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒன்றைக் குத்தினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வந்தது. விரலில் தொட்டு மோந்து பார்த்துவிட்டு என் மூக்கருகில் நீட்டினார். புளித்த வாடை.

"பின்பலகைக்குள்ள வச்ச கட்ட ஊறிப்போச்சிங்கண்ணா. மேல பெயிண்ட் அடிச்சி மூடியிருக்காங்க. இன்ஜின் கனம் தாங்காதுங்க. இது வேணாம்."

"நேத்து எவனாச்சும் கஞ்சி குடிச்சிருப்பான், அதான் வாட" என்றார் மாமா.

அம்மா மறுபடி, "வேணாங்கண்ணா. அந்தப் பழசே போதும். அத நான் பாத்துக்கறேன்" என்றார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்போது அவர் சொன்னதை ஒரு எழுத்து மாறாமல் எழுதுகிறேன். அங்கே நின்ற எல்லோரும் கேட்டார்கள், அவரும் மறந்திருக்க மாட்டார்.

"சரி பாப்பா. எல்லாந் தெரிஞ்சவ நீ. உனக்கெதுக்கு அண்ணன்? தை மாசம் உம்பொண்ணு மணவறையிலயும் நீயே நின்னுக்க. எனக்கு அங்க ஒரு வேலையும் இல்ல."

தாய்மாமன் வராத கல்யாணம் எங்கள் பக்கத்தில் எப்படிப் பேசப்படும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பன் இல்லாத பெண். தாய்மாமனும் கோபித்துக்கொண்டு போய்விட்டான் என்றால் மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்கள்? அம்மா என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கவில்லை, கோபத்தில் சிவந்திருந்தது. நாணயத்தைக் கைக்குள் இறுக்கிக்கொண்டார்.

"உங்க இஷ்டம்ங்கண்ணா."

கறுப்புப் படகு வீட்டுக்கு வந்தது. மாமா தேங்காய் உடைத்தார். தை மாதம் மணவறையில் பட்டுவேட்டியோடு ஜம்மென்று நின்றார். போட்டோ எல்லாவற்றிலும் இருக்கிறார். அந்த ஆல்பத்தைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அந்தப் புளித்த வாடைதான் நினைவுக்கு வருகிறது.

பெயின்ட் அடிக்காத படகை வாங்கியவர் பென்னாகரத்து மீன் வியாபாரி ஒருவர். எங்கள் கரையில் அவரைப் பாய் என்றே கூப்பிடுவோம். அவர் அம்மாவிடம் யோசனை கேட்டு வந்தபோது நான் வீட்டில்தான் இருந்தேன்.

"அக்கா, எல்லாரும் சல்லட, சல்லடங்கிறாங்களே?"

"கண்ண மூடிட்டு வாங்குங்க பாய். உள்பக்கம் மட்டும் பெயிண்ட் அடிச்சிப்புடாதீங்க. மாசம் ஒருக்கா கவுத்துப்போட்டு உள்ள போயி பாருங்க. வெளிச்சம் சீரா இருக்கிற வரைக்கும் படகு நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய் அடுப்பைக் கிளறிக்கொண்டே நின்றார். தனக்கென்று பார்த்து வைத்ததை எடுத்து வேறொருவர் கையில் கொடுத்த வயிற்றெரிச்சல் அவருக்கு இருந்தது. இல்லையென்று பெருந்தன்மையாக எழுத எனக்கு மனம் வரவில்லை.

தலை ஆடிக்கு என்னை அம்மா வீட்டுக்கு அழைத்து வந்திருந்தார்கள். அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது, காற்று பேயாக அடித்தது. அக்கரையிலிருந்து ஆடு ஏற்றி வர அம்மா கிளம்பினார். மாமாவின் மனைவி, என் அத்தை, அக்கரைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்று கூடப் போனார். திரும்பி வரும்போது நடுத்தண்ணீரில் அந்தப் பின்பலகை இன்ஜினோடு பிய்த்துக்கொண்டு போய்விட்டது. இன்ஜின் தண்ணீருக்குள் போன இடம் தெரியவில்லை. பின்னால் வாயைப் பிளந்த படகில் தண்ணீர் ஏறியது. அம்மா அத்தையை முன்மூக்கில் தள்ளி உட்காரவைத்து, ஆடுகளையும் முன்னால் இழுத்துக் கட்டி, பின்பக்கத்தை நீருக்கு மேலே எழும்ப வைத்தார். தீவனச் சாக்கைத் திணித்துப் பிளவை அடைத்தார். சேலைத் தலைப்பை வீசி வீசிக் கூப்பிட்டார். பாயின் படகுதான் வந்தது. சல்லடை என்று சிரித்தார்களே, அதே படகு.

கரையில் பெரிய கூட்டம் கூடிவிட்டது. அம்மாவும் அத்தையும் சொட்டச் சொட்ட இறங்கினார்கள். இரண்டு ஆடு போய்விட்டது, ஆள் சேதமில்லை. உடைந்த படகைக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் அந்தப் பிளவில் கை வைத்தேன். உள்ளே இருந்த கட்டை ஊறிய தவிடாகக் கையோடு வந்தது. அம்மா ஓர் இடத்தில் விரலை வைத்து எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்: "இங்கதான் தட்டுனேன்."

அப்போது மாமா வந்தார். மனைவி பிழைத்து வந்திருக்கிறாள், தங்கை பிழைத்து வந்திருக்கிறாள். அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு என்ன தெரியுமா?

"நான் அப்பவே சொன்னேன், இந்த பைபர் எழவெல்லாம் நமக்கு வேணாம், பரிசலே போதும்னு. எங்க பாப்பாதான் ஒத்தக் கால்ல நின்னா. எல்லாந் தெரிஞ்ச மாதிரி காச வச்சித் தட்டுனா. பாருங்க இப்ப!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறந்தேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். அத்தைதான் நடுங்கிக்கொண்டே, "வாய மூடிக்கிட்டுத்தான் இருங்களேன்" என்றார். அவருக்கு அவ்வளவுதான் முடிந்தது. அதற்காக அத்தைக்கு இன்றும் என் நன்றி உண்டு.

அன்றோடு அம்மாவைத் தேடி வந்தவர்கள் நின்றுபோனார்கள். "அந்தம்மா வாங்குன படகே புட்டுக்கிச்சாமே" என்ற பேச்சு கரை முழுக்கப் பரவியது. பரப்பியது யார் என்று இனி நான் சொல்ல வேண்டியதில்லை. படகு வாங்கப் போகிற வண்டிகள் எங்கள் வாசலைத் தாண்டிப் போயின. அம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்ப்பார், வண்டி நிற்காது. பழையபடி பரிசலில் ஏறி வலை போட்டார். அந்த அஞ்சு ரூபாயை ஒருநாள் சில்லறையோடு சேர்த்துக் கடையில் கொடுத்துவிட்டார். "எதுக்கும்மா?" என்று கேட்டேன். "காசு காசுதானே" என்றார்.

நான் பலமுறை சண்டை போட்டேன். எல்லோரிடமும் உள்ளதைச் சொல்லப்போகிறேன் என்பேன். "உம்மாமன் மொகத்தக் கெடுக்காத. நாளைக்கி உம்புள்ளைக்கி மொட்டையடிக்க அவரு மடிதான் வேணும்" என்பார். என் பிள்ளைக்கு மொட்டையும் அடித்தாயிற்று, காதும் குத்தியாயிற்று, மாமா மடியில்தான். அம்மாவின் பேர் மட்டும் மீளவில்லை.

நெஞ்சுவலி என்று அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கடைசி நாட்கள் என்று அப்போது தெரியாது. மாமா சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் படகு கதை தொடங்கிவிட்டது. "எங்க பாப்பாவுக்குப் பிடிவாதம் ஜாஸ்தி. ஒரு படகு வாங்குனா பாருங்க..." அம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார், தூங்கவில்லை, இமை துடித்தது. மாமா போனதும் அம்மாவிடம் கேட்டேன், "இப்பவாச்சும் சொல்லட்டுமா?"

"நான் இருக்கிற வரைக்கும் வேணாம்" என்றார். கண்ணைத் திறந்து, "போனதுக்கப்பறம் சொல்லு. நல்லா சத்தமாச் சொல்லு" என்றார்.

இதைத்தான் நீங்கள் பொறுமையின் சிகரம் என்று அச்சடித்திருக்கிறீர்கள்.

அஸ்தி கரைக்கிற அன்று பரிசலில் போகலாம் என்றுதான் மாமா ஏற்பாடு செய்திருந்தார். காற்று அதிகமாகி, பரிசல் ஆகாது என்று அவரே சொல்லிவிட்டார். பாய் தன் படகைக் கொண்டுவந்து கரையில் நிறுத்தினார். மாமா மண்கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்தார். எதிரில் நான். மேற்கே சாய்ந்த வெயில் படகின் பக்கத்தில் அடித்தது. உள்பக்கம் முழுக்க இளமஞ்சள் வெளிச்சம் ஒரே சீராகப் பரவியது. மாமாவின் வெள்ளைச் சட்டை, கலயம், எல்லாம் மஞ்சள்பட்டுத் தெரிந்தன. பாய் இத்தனை வருடமும் உள்ளே பெயின்ட் அடிக்கவில்லை.

மாமா பலகையைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார், "படகு நல்லா கட்டுமஸ்தா இருக்குதே பாய். யாரு பாத்துக் குடுத்தது?"

பாய் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"உங்க மடியில இருக்கிறவங்கதாங்க" என்றார்.

மாமா தலையைக் குனிந்துகொண்டார். மனிதருக்கு இப்போதாவது உறைத்ததே என்று என் மனமும் கொஞ்சம் இளகியது. அன்று சாப்பாட்டுப் பந்தியில் என் முதுகுக்குப் பின்னால் அவர் குரல் கேட்டது: "அந்தப் பாய் படகு இருக்குதே, அத மொதமொதல்ல உள்ள பூந்து பாத்தவனே நாந்தான்!"

உடனே திரும்பி ஒரு கை பார்த்திருப்பேன். பந்தியில் எழவு வீட்டுச் சாப்பாடு சாப்பிடுகிறவர்களை எழுப்பக் கூடாது என்று விட்டுவிட்டேன். அம்மா சத்தமாகச் சொல்லச் சொன்னார். எனக்குக் கிடைத்த சத்தம் இந்த மலர்தான்.

இனி நன்றி. அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கு நன்றி. பச்சைப்பந்தல் போட்டுக் கொடுத்த பக்கத்து வீட்டாருக்கும், பால் ஊற்றிய அன்று எல்லோருக்கும் சமைத்துப்போட்ட பெண்களுக்கும் நன்றி. தண்ணீரிலிருந்து அம்மாவைத் தூக்கி வந்தவரும், பிறகு அம்மாவைத் தண்ணீரில் கொண்டுபோய் விட்டவருமான பாய்க்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என் மணவறையில் நின்ற பெரிய மாமாவுக்கும் நன்றி. அதற்கு அம்மா கொடுத்த விலை என்ன என்று இப்போது எல்லோருக்கும் தெரியும்.

உங்களில் யாராவது பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? புதுப் பெயின்டைப் பார்த்து மயங்காதீர்கள். நாணயத்தால் தட்டுங்கள், பின்பலகையை விடாமல் தட்டுங்கள். கொப்புளம் இருந்தால் குத்தி மோந்து பாருங்கள். கவிழ்த்துப்போட்டு உள்ளே போய் உட்காருங்கள். வெளிச்சம் வந்தால் பயப்படாதீர்கள். ஒரே சீராக வந்தால் தைரியமாக வாங்குங்கள். இதை யார் சொன்னது என்று யாராவது கேட்டால், என் அம்மா சொன்னது என்று சொல்லுங்கள்.